தேய்த்து அனுப்பிய மண்

பழைய முறை பொய் சொல்கிறதா, புது மெஷின் பொய் சொல்கிறதா, இல்லை தன் கைதான் தப்புச் செய்கிறதா? ஜெஸ்னா அன்று முழுக்க இதையே தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டன்மேட்டில் இருந்த அந்தச் சின்ன மண் பரிசோதனைக்கூடத்தில் சோதனை வேலை முழுக்க அவளுடையதுதான். ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் கொண்டுவரும் மண்ணை அமிலத்தில் கொதிக்க வைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக வடித்து அளப்பாள். அவள் சொன்ன கணக்கை நம்பித்தான் பல தோட்டங்களில் யூரியாவையே குறைத்திருந்தார்கள். இப்போது புது மெஷின் வந்துவிட்டது. அது மண்ணை எரித்து, வெளிவரும் வாயுவை அளந்து சொல்லிவிடும்.

ஒரே மண்ணை இரண்டு விதமாகவும் அளந்து, ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் பொறுப்பாளர் ஜிபி. ஒத்துப்போனால் பழைய அறிக்கைகள் செல்லும். போகாவிட்டால், ‘நாங்கள் சொன்னது தப்பு’ என்று தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிச் சொல்ல வேண்டியதுதான்.

எல்லா மண்ணும் ஒத்துப்போனது, ஒன்றைத் தவிர. அது அவளுடைய மாமனார் மிக்கேல்ராஜின் தோட்டத்து மண். பழைய முறையில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களைப் போலத்தான் இருந்தது. மெஷினில் ஏறக்குறைய இரண்டு மடங்கு! திரும்பவும் செய்து பார்த்தாள். அதேதான்.

"ஒண்ணுல தப்பினா மத்ததுல தப்பலன்னு யாரு நம்புவா ஜெஸ்னா? நாளை மறுநாள் மேலாபீஸ்ல இருந்து வர்றாங்க. ஞான் எந்து பறயும்? என்னத்தச் சொல்றது?" என்று மலையாளமும் தமிழுமாகப் புலம்பினார் ஜிபி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, மிக்கேல்ராஜ் காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து ஏலக்காயைச் சாக்கில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் லேலத்துக்கு, அதாவது ஏல விற்பனைக்கு, போக வேண்டிய சாம்பிள். காய்ந்த வாலெல்லாம் உதிர்ந்து, காய்கள் பச்சைப் பசேலென்று பளபளத்தன.

"ஏத்தா, நம்ம மண்ணு எப்பிடி வந்துச்சு?"

"மெஷின்ல நீங்கதான் ஃபஸ்ட் மாமா."

அவர் மீசை நிமிர்ந்தது. "அப்பிடிச் சொல்லு! பக்கத்துத் தோட்டம் குருசாமி என்ன பேச்சுப் பேசுனான்!"

"பழைய முறையில உங்களுதும் குருசாமி மண்ணும் ஒண்ணுதான்."

"பழசு கெடக்கு. அதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

எரிச்சலோடு திரும்பியவளின் பார்வையில் மூலையில் சாய்ந்திருந்த மூட்டை பட்டது. கால்சியம் நைட்ரேட். வாய் பிரிந்திருந்தது. இன்னும் உரம் போடும் நாளே வரவில்லையே!

"இத எதுக்கு மாமா பிரிச்சீங்க?"

மிக்கேல்ராஜின் கை நின்றது. "அது… நீ மண்ணெடுக்க வர்றேன்னியா. முந்தின நாளு செடி மூட்டுல கொஞ்சூண்டு தூவி, தண்ணி தெளிச்சு விட்டேன். லேலத்துக்குக் காயத் தேய்க்காமயா அனுப்புறோம்? மருமக பாக்குற எடத்துல நம்ம மண்ணு பரட்டத் தலையோட போய் நிக்கணுமாக்கும்?"

ஜெஸ்னா படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வந்த பிறகும் நிற்கவில்லை.

"ஏன் சிரிக்க? தப்பா?"

"யூரியாவத் தூவியிருந்தா ரெண்டு முறையிலயும் ஏறியிருக்கும் மாமா, எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நைட்ரேட்ட மெஷின் பாக்கும், எங்க பழைய முறை சரியாப் பாக்காது. நீங்க பழசோட கண்ணுக்குத் தெரியாத பவுடராப் பாத்துப் பூசி விட்டிருக்கீங்க!"

சிரிப்பு அடங்கியதும் பயம் மறுபடி எட்டிப் பார்த்தது. இது ஊகம்தானே? மறுநாள் அதே மண்ணை, நைட்ரேட்டையும் பிடித்து வைக்கும் சாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்துக் கொதிக்க வைத்தாள். மத்தியானம் அளவு வந்தது. மெஷின் சொன்னதற்குப் பக்கத்திலேயே வந்து நின்றது!

மேசையைப் பிடித்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டாள். அவள் கை தப்புச் செய்யவில்லை. மலை முழுக்க அவள் சொன்னது சொன்னதுதான்.

விஷயத்தைக் கேட்ட ஜிபி நாற்காலி குலுங்கச் சிரித்தார். "புதுசா உரம் போட்ட மண்ணு வேணாம்னு இனி முதல்லயே சொல்லிரணும். சரி, யாரு அந்தத் தோட்டக்காரர்?"

"பேரு வேண்டாம் சார். எங்க வீட்டுல நான் சோறு திங்கணும்."

சாயங்காலமே மிக்கேல்ராஜ் ஒரு பையோடு வந்து நின்றார். உரம் படாத மேட்டுச் சரிவில் எடுத்த மண். சருகும் வேரும் அப்படியே இருந்தன; ஒரு மண்புழுவும் நெளிந்தது.

"மூஞ்சிகூடக் கழுவிவிடல. பாத்துக்க."

காயவைத்து அளந்தபோது இரண்டு முறையிலும் ஒரே அளவு வந்தது. குருசாமியின் மண்ணைவிட ஒரு இழை கூடுதல். ஜெஸ்னா அதைச் சொன்னதும் மிக்கேல்ராஜ் மீசையை நீவிக்கொண்டார்.

"வெறும் மூஞ்சிக்கே இவ்வளவா? போதும்த்தா!"