ஈரச் சாக்கு

சுதந்திரக் கொடி ஏறிய பிறகு வந்த முதல் வறட்சி அது. காஜா பெராங் ஊர்க் கிணற்றில் வாளி போட்டால் சேறுதான் வந்தது. இடுகாட்டில் லாலான் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து, காய்ந்து நின்றது. போன வருஷம் அதில்தான் தீப் பிடித்தது. ஈரச் சாக்கால் அடித்து அணைக்க உள்ளே போன கலியாணசுந்தரம் உயிரோடு திரும்பவில்லை.

அவர் மனைவி ருக்மணியின் ஓலை வேய்ந்த அத்தாப்பு வீடு இடுகாட்டு வேலியை ஒட்டியிருந்தது. அடுப்படியில் நின்றால் புருஷனைப் புதைத்த மேடு தெரியும். அப்பன் முகம் பார்க்காமல் பிறந்த பிள்ளை உள்ளே தூளியில் கிடந்தது.

இன்னொரு தீ வேண்டாமென்று அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கமெல்லாம் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டு வேலைக்குக் கூடியது. லாலானை அறுத்தால் இரண்டு பங்காக முளைக்கும். வேரோடு தோண்டினால்தான் ஒழியும். மூத்தவரான மாணிக்கவாசகம் மண்வெட்டிகளைப் பங்கிட்டார். மளிகைக்கடை யூசுப்பும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"என்னா யூசுப்பு, தராசு பிடிச்ச கையி. கொப்புளம் வந்துடப் போவுது," என்று சீண்டினார் மாணிக்கவாசகம்.

"இத்தன பேசியும் உங்க நாக்குல வரல. என் கையிலயா வந்துடும்?"

மதியத்துக்குள் இடுகாடு மொட்டையடித்தாற்போல் ஆகிவிட்டது. ஒரு திட்டு மட்டும் மிச்சம். கலியாணசுந்தரத்தின் மேட்டிலிருந்து ருக்மணியின் வேலிவரை போன புல்.

"அத விடுங்க," என்றார் மாணிக்கவாசகம். "தலைத்திவசம் இன்னும் முடியல. அதுவரைக்கும் அந்த மண்ணுல இரும்பு படக்கூடாது."

"வெளக்குத் திரி மாதிரி நிக்குதுண்ணே. ஒரு பொறி விழுந்தா அக்கா வீடு போயிடும்," என்றான் யூசுப்பு.

"அவரே காவல் இருப்பாருடா."

ருக்மணி கோப்பி கொண்டுவந்தாள். எல்லாரும் மரத்தடியில் கோப்பி குடிக்க உட்கார்ந்தார்கள். காற்றில்லை. இலை அசையவில்லை.

தப், தப்.

சத்தம் அந்தத் திட்டுக்குள்ளிருந்து வந்தது. புல் நுனிகள் சாய்ந்து நிமிர்ந்தன. இரண்டு அடி, ஒரு மூச்சு. மறுபடி இரண்டு அடி.

"உடும்பு," என்றார் மாணிக்கவாசகம்.

"உடும்பு இப்பிடியாண்ணே மூச்சு வாங்கும்?" என்றான் யூசுப்பு.

ருக்மணிக்குத் தெரியும். போன வருஷம் அடுப்படியில் நின்று, சாக்கு அடிக்கும் அந்தச் சத்தம் ஓயும்வரை கேட்டவள் அவள்.

"இன்னும் அடிச்சிக்கிட்டே இருக்காரு," என்றாள். "இரும்புதானே படக்கூடாது? எங் கையி படலாமில்ல?"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள். லாலான் விளிம்பு விரல்களைக் கீறியது. புதைமண் இளகியிருந்ததால் வேர் நீளநீளமாக வந்தது. "இருங்கக்கா," என்று யூசுப்பும் இறங்கினான். சற்றுப் பொறுத்து மாணிக்கவாசகம் மண்வெட்டியை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்தார். பிறகு எல்லாரும்.

அவர்கள் பிடுங்கப் பிடுங்க, சத்தம் மிச்சமிருந்த புல்லுக்குள் ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. கடைசிக் கொத்து மேட்டின் தலைமாட்டில் நின்றது. அதை ருக்மணி பிடுங்கினாள். சத்தம் நின்றது. அங்கே ஒன்றுமில்லை, ஒரு பூச்சிகூட இல்லை.

அந்த வாரமே, இடுகாட்டுக்கு அப்பாலிருந்த காட்டுப்புல் பற்றிக்கொண்டது. தீயணைக்கும் பொம்பா வண்டி மணியடித்து வருமுன் பொறிகள் மழையாய்ப் பறந்தன. வெறும் மண்ணில் விழுந்து அவிந்தன. வேலியைத் தாண்டி ஒன்றும் வரவில்லை.

புகை அடங்கியதும் ருக்மணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். அதன்மேல் ஒரு கோணிச் சாக்கு கிடந்தது. ஓரமெல்லாம் கருகியிருந்தது. யாரும் கொண்டுவந்ததல்ல. தூக்கினாள், கனத்தது. பிழிந்தாள். தெளிந்த தண்ணீர் கொட்டியது.

"போதும்," என்றாள். "புள்ள நல்லாருக்கு பாருங்க. இனிமே நாங்க பாத்துக்கிறோம்."

சாக்கை வேலியில் விரித்துப் போட்டாள். அந்த வெயிலிலும் அது காய்வதற்குத் தலைத்திவசம் வரை ஆயிற்று.