இருநூற்றுப் பதினோரு மணி நேரம்

எங்கள் தாத்தா வேங்கடபதி தொடங்கிய நடுநிலைப்பள்ளிக்கு இப்போது நான் தாளாளர். ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. கட்டடமும் பெயரும் எங்கள் குடும்பத்தின் பொறுப்பு. சுங்குவார்சத்திரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் பெரும்பாலும் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள். காலையில் யூனிபார்ம் போட்ட தாய் யூனிபார்ம் போட்ட பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள்.

போன ஜூன் மாதம் ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்று பன்னிரண்டு பள்ளிகளுக்குத் தொடுபலகை கொடுத்தது. பெரிய டிவி மாதிரி இருக்கும். விரலால் எழுதலாம், படம் காட்டலாம், இதயம் துடிப்பதைக் காட்டலாம். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை சொன்னார்கள். எத்தனை மணி நேரம் பாடம் நடந்தது என்பதைப் பலகையே கணக்கெடுத்து அவர்களுக்கு அனுப்பிவிடும். காலாண்டு விடுமுறை முடிந்ததும் கணக்குப் பார்த்து, எந்தப் பள்ளி கடைசியாக நிற்கிறதோ, அங்கிருந்து அக்டோபர் கடைசியில் பலகையைக் கழற்றி, காத்திருக்கும் பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

காத்திருந்த பள்ளி என் பங்காளி கண்ணப்பனுடையது. பாகப்பிரிவினைக்குப் பிறகு, எங்களுக்கு எதிராகவே பக்கத்து ஊரில் அவன் அப்பா தொடங்கிய பள்ளி. பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. எங்கள் சுவரிலிருந்து கழற்றிய பொருளை அவன் சுவரில் மாட்டுவதை ஊர் பார்க்கக் கூடாது. எனக்கு வேறு கவலை இல்லை.

ஆகவே பலகைக்குரிய மரியாதையை முறையாகச் செய்தேன். எட்டாம் வகுப்பு அறையை அதற்கென்றே ஒதுக்கினேன். எட்டாம் வகுப்பு மரத்தடிக்குப் போனது. அங்கே காற்றோட்டம் நன்றாக இருக்கும். பலகைக்குப் பச்சை வெல்வெட்டில் உறை தைத்தேன். அறைச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். சாக்பீஸ் கையோடு யாரும் தொடக்கூடாது, செருப்பு வெளியே, பிள்ளைகள் ஆறடி தள்ளி. வேண்டும் என்கிற ஆசிரியர் முந்தின நாளே தாளில் எழுதி என் கையெழுத்து வாங்க வேண்டும்.

மூன்று மாதத்தில் இரண்டு தாள்கள் வந்தன. இரண்டும் என் மருமகள் சசிரேகா எழுதியவை. அவள் எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை.

இடையில் மறைமலை நகரில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். பள்ளிக்கு இரண்டு பேர். கணக்கு ஆசிரியர் அந்தோணிராஜை அனுப்பினேன். கூடப் போக வேண்டியவருக்கு மஞ்சள்காமாலை வந்ததால் சசிரேகாவும் போனாள். கடைசி நாள் மாதிரி வகுப்பில் அவள்தான் முதலாவது வந்தாளாம். பயிற்சி கொடுத்த பெண் தென்றல், கம்பெனி சார்பில் வருகிறவள், என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"சார், வாரத்துல ரெண்டு நாள் இவங்கள மத்த ஸ்கூலுக்கு அனுப்புங்களேன். டீச்சர்ஸுக்கு இவங்க சொன்னா புரியுது. நாங்க சொன்னா தூங்கிடறாங்க."

"ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுப்பது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை அம்மா" என்றேன். காபி கொடுத்து அனுப்பினோம்.

அவள் போனதும் சசிரேகா தம்ளர்களை எடுத்தபடி சொன்னாள்: "நம்ம ஸ்கூல்லயாச்சும் சொல்லிக்குடுக்க வுடுங்க மாமா. இன்னும் ஒரு மாசந்தான் கீது. இப்படியே போனா நம்ம போர்டு சின்ன மாமா ஸ்கூலுக்குத்தான் போவும்."

"போகாது."

"எப்படிப் போவாது? உறைய கழட்டுனாதான மணி ஓடும்?"

மரியாதை குறையாமல் கேட்டாள் என்பதால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

காலாண்டு விடுமுறைக்கு முந்தின நாளே பள்ளியில் ஆயுத பூசை போட்டுவிடுவது எங்கள் வழக்கம். இந்த முறை பலகைக்கும் பூசை. இருட்டாக இருக்கும் பொருளுக்குப் பொட்டு வைப்பது சரியில்லை என்று அந்தோணிராஜை அழைத்து அதை ஏற்றச் சொன்னேன். அவர் பயிற்சியில் தனக்குக் கொடுத்த எண்ணைப் போட்டுத் திறந்தார். நான் என் கையால் சட்டத்தின் நான்கு மூலையிலும் நான்கு நடுவிலும் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தேன். கஞ்சத்தனம் இல்லாமல் வைத்தேன். பூசை போட்ட பொருளை மறுபடி வேலைக்கு எடுக்கும் வரை கை படாமல் விட்டுவிட வேண்டும். அணைக்கவும் கூடாது. கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். விடுமுறை ஒன்பது நாள்.

பள்ளி திறந்த அன்று தென்றல் போனில் கூவினாள்: "சார், கங்கிராஜுலேஷன்ஸ்! நீங்கதான் ஃபர்ஸ்ட்!"

பன்னிரண்டு பள்ளிகளில் எங்களுடையதுதான் முதலாவது. அடுத்த சனிக்கிழமை ஒரகடத்தில் விழா, எல்லாப் பள்ளித் தாளாளர்களும் வருகிறார்கள், காத்திருக்கும் பள்ளியையும் அழைத்திருக்கிறார்கள். நான் ஆச்சரியப்படவில்லை. உரிய இடத்தில் உரிய பெயர் வருவதில் ஆச்சரியம் என்ன?

மாலையில் சசிரேகாவும் அந்தோணிராஜும் என் அறைக்கு வந்தார்கள். அந்தோணிராஜ் கையில் கம்பெனி அனுப்பிய தாள்.

"ஐயா, லீவுல மட்டும் இருநூத்திப் பதினோரு மணி நேரம் நான் பாடம் எடுத்திருக்கேன்" என்றார்.

"நல்லது."

"ஞாயித்துக்கெழம காலைல சர்ச்சுல முழங்கால் போட்டுகினு இருந்தேன். அப்பவும் எடுத்திருக்கேன். விடியக்காலம் மூணு மணிக்கும் எடுத்திருக்கேன். என் பொண்டாட்டி பாத்தா சந்தேகப்படுவா ஐயா."

சசிரேகா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். பலகையைச் சுற்றியுள்ள சட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடுகிறதாம். விரல் குறுக்கே வந்தால் அந்த ஒளி மறையும்; அதை வைத்துத்தான் தொடுகிறார்கள் என்று பலகை தெரிந்துகொள்கிறதாம். சந்தனம் மறைத்தாலும் அதற்கு விரல்தான். யாரும் தொடாவிட்டால் அரை மணியில் தூங்கிவிட வேண்டிய பலகை, எட்டு விரல்கள் விடாமல் தொடுகின்றன என்று நம்பி ஒன்பது நாள் விழித்திருந்தது.

"ட்ரெய்னிங்லயே சொன்னாங்க மாமா, சட்டத்துல எதையும் ஒட்டாதீங்கன்னு. பொட்டுன்னு சொல்லல. அவங்களுக்கு அது தோணியிருக்காது."

"துடைத்தாயா?"

"தொடச்சிட்டேன். இப்ப நாம அவங்களுக்குச் சொல்லிடணும்."

"யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்" என்றேன். "நாம் பொய் எழுதி அனுப்பவில்லை. பலகை அனுப்பியது. பலகை அவர்களுடையது."

சனிக்கிழமை பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கம்பெனியின் பயிற்சிக் கூடம், நல்ல குளிர். முன்வரிசையில் எனக்கு நாற்காலி. கடைசி வரிசையில் கண்ணப்பன் உட்கார்ந்திருந்தான். நரைத்திருந்தான். நான் பார்க்கவில்லை.

அந்தோணிராஜை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். அவர் சால்வையை ஈரத்துணி போலப் பிடித்துக்கொண்டு நின்றார். தென்றல் மைக்கில் கேட்டாள்: "சார், மத்த டீச்சர்ஸ் டைமே இல்லன்றாங்க. லீவுல கூட நீங்க எப்படி இருநூத்திப் பதினோரு மணி நேரம் நடத்தினீங்க? பசங்க வந்தாங்களா?"

அந்தோணிராஜ் என்னைப் பார்த்தார். கூடமே என்னைப் பார்த்தது.

கடைசி வரிசையிலிருந்து கண்ணப்பனின் குரல் வந்தது: "எங்க அண்ணன் ஸ்கூலு மூணு ஷிப்டுமா. நைட் ஷிப்டுலயும் ஓடும். ஓவர்டைம் எல்லாம் உண்டா அண்ணே?"

சிரித்தார்கள். கம்பெனிக்காரர்களும் சிரித்தார்கள்.

இனி இரண்டே வழிதான். அந்தோணிராஜ் எங்கள் பள்ளியின் பெயரில் ஒரு பொய் சொல்ல வேண்டும், அதைக் கண்ணப்பன் ஆயுள் முழுக்க டீக்கடையில் வைத்து உடைப்பான். அல்லது நான் எழுந்திருக்க வேண்டும். வேங்கடபதியின் பேரனைத் தோற்றவன் என்று சொல்லலாம். பொய்க் கணக்குக் காட்டினவன் என்று சொல்லக் கூடாது.

எழுந்தேன். "பாடம் நடக்கவில்லை. பூசை நடந்தது. சட்டத்தில் எட்டு இடத்தில் பொட்டு வைத்தவன் நான். அந்தோணிராஜ் மேல் தவறில்லை. சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்."

பிறகு இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு தலைமையாசிரியை மெல்லக் கையைத் தூக்கினார். "எங்க போர்டுக்கும் வெச்சோம்மா. நாலு எடத்துல." அவருக்குப் பின்னால் இன்னொரு கை. "நாங்க நடுவுல ஒண்ணே ஒண்ணு." எண்ணிப் பார்த்தபோது பன்னிரண்டில் ஒன்பது பள்ளிகள். தென்றல் மைக்கை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் வைத்ததுதான். எங்கள் அளவுக்குத் தாராளமாக யாரும் வைக்கவில்லை.

அங்கேயே விடுமுறை நாள் மணிகளைக் கழித்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டார்கள். எங்கள் பள்ளிக்கு மிஞ்சியது இரண்டு மணி நாற்பது நிமிடம். பன்னிரண்டாவது இடம்.

மாதக் கடைசியில் வேன் வந்து பலகையைக் கழற்றியது. பகல் பதினொரு மணிக்கு, பிள்ளைகள் பார்க்க, ஊர் பார்க்க. உறையையும் மடித்துக் கூடவே கொடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருள் போனால் குறையோடு போகக் கூடாது.

நான்காம் நாள் மாலை என் வீட்டு வாசலில் கண்ணப்பன் நின்றான். பையில் ஆப்பிளும் வெற்றிலை பாக்கும்.

"உள்ளே வா" என்றேன். பதினோரு வருடத்தில் நான் அவனிடம் பேசிய முதல் சொல் அது. அவன் உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்து, தொண்டையைச் செருமினான்.

"போர்டு மாட்டிட்டாங்க அண்ணே. மாட்டிட்டுப் போயிட்டாங்க. எங்க வாத்தியாருங்க அத்தப் பாத்துகினு நிக்கறாங்க. ஒருத்தருக்கும் தெரியல. டிசம்பர்ல எண்ணுவாங்களாம், அதுக்கப்புறம் எங்களுதையும் புடுங்கிடுவாங்களாம்."

"அப்படியா?"

"தென்றல் பொண்ணக் கேட்டேன். இந்தப் பக்கத்துல நல்லா சொல்லிக் குடுக்கறது ஒரே ஒருத்தர்தான், ஆனா அவங்க மாமனார் அனுப்ப மாட்டாருன்னுச்சி."

அவன் தானாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்டான்.

"நம்ம சசிய அனுப்புவீங்களா அண்ணே?"

நம்ம சசி என்றான். பதினோரு வருடம் எங்கே போயிருந்தது இந்த 'நம்ம'? நிதானமாக யோசித்துச் சொல்லலாம் என்று வாயைத் திறக்குமுன் சசிரேகா காபியோடு வந்துவிட்டாள்.

"செவ்வாயும் வியாழனும் வரேன் சின்ன மாமா. எத்தன டீச்சருங்க? கைய நல்லா கழுவிட்டு இருக்கச் சொல்லுங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சரிதான மாமா?" என்று கேட்டாள். கேட்டாள் அல்லவா, அதுதான் முறை.

"சரி" என்றேன். பலகை அவன் சுவருக்குப் போனாலும் அதை இயக்கத் தெரிந்த அறிவு எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. இதை அவன் காதில் விழும்படி சொன்னேன். அவன் காபி குடித்தான்.

செவ்வாய்க்கிழமை எங்கள் காரிலேயே அனுப்பினேன். பஸ்ஸில் போகிறேன் என்றாள், ஒப்பவில்லை. டிரைவர் டில்லிபாபுவைத் தனியே கூப்பிட்டு, "மேசைக்கு முன்னால் அவளுக்கு முறையாக நாற்காலி போடுகிறார்களா என்று பார்த்து வந்து சொல்" என்றேன்.

மாலையில் வந்தான்.

"போட்டாங்க சார். கைப்புடி வெச்ச நாற்காலி. மேல டவலுகூட விரிச்சாங்க."

"உட்கார்ந்தாளா?"

"இன்னா சார் நீங்க. சாப்பாட்டு நேரம் வரைக்கும் உக்காரவே இல்ல. அவங்க வாத்தியாருங்களும் உக்காரல. எல்லாம் போர்டாண்ட நின்னுகினு, நானு நானுன்னு கைய நீட்டிகினு, ஒரே சிரிப்பு. கண்ணப்பன் ஐயாகூட வெரல வெச்சி மாம்பழம் வரைஞ்சாரு."

"அதைக் கேட்கவில்லை. நாற்காலி போட்டார்கள் அல்லவா?"

"போட்டாங்க சார்."

அது போதும் என்றேன்.