சாப்பிடாத மருந்து

அப்பா செத்ததைக்கூட எனக்குச் சொல்லி அனுப்பாத அண்ணன், தண்ணீர்கூட விழுங்க முடியாமல் என் பரிசோதனை அறைக்கே வந்து படுத்திருந்தான். அண்ணிதான் இழுத்து வந்து விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பரிதாபமாக இல்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

"மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றேன், முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோல.

"ஒண்ணும் சாப்பிடுறதில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

மூக்கு வழியாக மெல்லிய குழாயை வயிறு வரை இறக்கி, தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தேன். உணவுக்குழாய் எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்பது திரையில் நிறமாக விழும். வயிற்றுக்குள் விடும் வாசல் திறக்கவே இல்லை. வாசல் திறக்காத இந்த நோயின் மூன்று வகையிலும் அப்படித்தான். உணவுக்குழாய் சும்மா கிடந்தால் முதல் வகை. மேலிருந்து கீழ்வரை ஒரேயடியாக இறுகினால் இரண்டாவது. இவனுடையது முறை தவறி முறுக்கிக்கொண்டு இழுத்தது. மூன்றாம் வகை, இருப்பதிலேயே முரடு. இவனுக்கு வேறென்ன வரும் என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் வகைக்கு உணவுக்குழாயின் தசையை நீளமாக வெட்டிவிட வேண்டும். வெட்டினால் வெட்டியதுதான்.

அறுவைசிகிச்சை நாளன்று எட்டிப் பார்க்கப் போனேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். தோள்பட்டையில் சதுரமாக ஒரு பட்டை ஒட்டியிருந்தது.

"என்னது இது?"

"வலிக்கு ஒட்டுறது. முதுகெலும்பு ஒடஞ்சதுலேருந்து."

குனிந்து பட்டையில் அச்சடித்திருந்த பெயரைப் படித்தேன். அபின் வகையைச் சேர்ந்த அந்த மருந்து தோல் வழியாக ஏறி, உணவுக்குழாயை அச்சு அசலாக மூன்றாம் வகைபோலவே முறுக்கக்கூடியது.

"கேட்டேன்ல? ஏன் சொல்லல நீ?" என்று கத்தினேன்.

"சாப்பிடுறீங்களான்னு கேட்ட. ஒட்டுறீங்களான்னா கேட்ட?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அறைந்துவிடலாம் போலிருந்தது.

"இப்ப வெட்ட வேணாம். இந்த மருந்தக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சிட்டு மறுபடி பாக்கணும். நான் எழுதினது தப்பா இருக்கலாம்."

சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான். பட்டன் போட்டு முடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை.

"உன்ன எனக்குப் பிடிக்காது" என்றான். "ஆனா நீ பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அதான் வேற யார்கிட்டயும் போய்க் கேக்கல."