பத்துக்குக் கீழே ஒன்பது

அண்ணி புஷ்பவள்ளி துணிப்பையைக் கொண்டுவந்து வாசற்படி ஓரம் பொத்தென்று வைத்தபோது, மாதவி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்தாள். பாட்டில்லை, சாமி நாமமும் இல்லை. கணினிக்கு நிரல் எழுதுகிற மொழி ஒன்றின் விளக்கக் குறிப்பு. அந்த மொழியைப் பராமரிக்கிறவர்களே எழுதி இணையத்தில் வைத்திருப்பது. முதல் பக்கத்திலிருந்து வரிவரியாக மனப்பாடம் செய்துவந்தாள்.

“உன் துணியெல்லாம் மடிச்சு வச்சாச்சு. சாயந்திரம் உங்கண்ணன் வந்ததும் மந்தினுக்கு ஏத்திட்டுப் போவாரு. புருஷன் வீடு இருக்கறவளுக்கு இங்க என்ன வேல?”

“செண்டாயான் கம்பெனிக்கு இன்னைக்குள்ள அனுப்பணும் அண்ணி. இன்னைக்கு ஒரு நாள்…”

“இந்த இன்னைக்கு ஒரு நாள தீவாளிலேருந்து கேக்கறேன் லா.”

மந்தினில் அவள் புருஷன் நாகராஜன் இருக்கிறான். அவனுக்குப் பேச்சு முடிவதற்குள் கை வந்துவிடும். மாதவிக்கு இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. அண்ணன் சுகுமாறனிடம் சொன்னபோது, “பேசிப் பாக்கறேன்” என்றான். பேசவில்லை. பகாவ் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவன் அவன். தோட்டம் கொடுத்த வீட்டில் இரண்டே அறை. மாதவி பாய் விரித்தால் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அண்ணியையும் ஒரேயடியாகக் குறை சொல்லிவிடாதீர்கள், கண்ணுகளா. விடியுமுன் போய் ஆலை கேன்டீனில் வெந்துவிட்டு வருகிறவள், வந்ததும் நாத்தனார் திரையைப் பார்த்து முணுமுணுப்பதைக் கண்டால் வயிறு எரியத்தானே செய்யும்?

வேலைக்கு எடுப்பதற்காகக் கம்பெனி கொடுத்த பரீட்சை பார்வைக்குச் சின்னது. லோரிகள் கொண்டுவரும் எடையைச் சிறியதிலிருந்து பெரியதாக, மேலிருந்து கீழே அடுக்க வேண்டும். குறிப்பைப் பார்த்து எழுதலாம். மாதவி எழுதியும் விட்டாள். ஆனால் பத்து டன் மேலே வந்தது, ஒன்பது டன் அதற்குக் கீழே.

முந்தானையில் கை துடைத்தபடி அண்ணி திரையை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

“இதுக்கா இவ்ளோ மந்திரம்? பத்துக்கு அப்புறம் ஒம்பதாம்! சந்தையில இப்படி எலுமிச்சங்கா எண்ணிக் குடுத்தேன்னா தொரத்தி அடிப்பானுங்க.”

மாதவி மடிக்கணினி முன் உட்கார்ந்து மறுபடியும் முதல் பக்கத்தைத் திறந்தாள். வேறு வழி அவளுக்குத் தெரியாது. கோயில் சமய வகுப்பில் பதிகம் பதிகமாக ஒப்பித்து எவர்சில்வர் கிண்ணம் பரிசு வாங்கியவள் அவள். பொருள் கேட்டால் வாத்தியார், “மொதல்ல வாயில வரட்டும், பொருள் பின்னால வரும்” என்பார். நிரலுக்கும் அப்படித்தான் வரும் என்று காத்திருந்தாள். வாயில் எல்லாம் வந்துவிட்டது. பொருள்தான் வந்தபாடில்லை.

“மறுபடியும் மொதல்லேருந்தா? ஏன்டி, ஒனக்கு ரோஷமே கெடையாதா?”

சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க நாக்கு துடித்தது. ஆனால் தின்கிற சோறு அண்ணி போட்டது. அந்தக் கோபத்தை மாதவி வேறு பக்கம் திருப்பினாள். தண்ணீர் வராத அன்று, தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கிற மண்டோரிடம் அண்ணி போட்ட சண்டை ஞாபகம் வந்தது. மண்டோர் பைப் என்றான், மேனேஜர் என்றான், மழை என்றான். அண்ணி ஒன்றையும் காதில் வாங்கவில்லை. “தண்ணி ஏன் வரல?” அதே கேள்வி, அதே இடத்தில் நின்று.

மாதவி முதல் பக்கத்தை மூடினாள். அடுக்குவதைப் பற்றிய பக்கத்துக்கு மட்டும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போகிறவள் மாதிரி போனாள். பத்தை ஏன் மேலே வைத்தாய்? முதல் வரி, இது என் கேள்விக்குப் பதிலா? இல்லை, தள்ளு. அடுத்த வரி, இதுவும் இல்லை. நடுவே நிரலில் இரண்டே எண்ணைப் போட்டு ஓட்டினாள். பத்து, ஒன்பது. இரண்டு என்ற எண்ணையும் சேர்த்து ஓட்டினாள். பத்து, இரண்டு, ஒன்பது. திமிரைப் பார்!

அப்போதுதான் அந்த வரி. எப்படி ஒப்பிடுவதென்று நீ சொல்லாவிட்டால், எண்களையும் எழுத்துகளாகவே எடுத்து அடுக்குவேன்.

எழுத்தாகப் பார்த்தால், பத்தில் முன்னால் நிற்பது ஒன்று. ஒன்று, ஒன்பதுக்கு முந்தியது. அவ்வளவுதான். சட்டி கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் எத்தனை தடவை அவள் வாய் சொன்ன வரி! காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, குறிப்பின் மேலா தன் மேலா என்று தெரியாமல். அதற்குக் கீழேயே எண்ணாக ஒப்பிடச் சொல்லும் வழியும் இருந்தது. எழுதி ஓட்டினாள். இரண்டு, ஒன்பது, பத்து.

எல்லா எடைகளையும் போட்டுச் சரிபார்த்து அனுப்பினாள்.

“அனுப்பிட்டேன் அண்ணி.”

“வேல குடுத்துட்டாங்களா?”

“பதில் வரணும்.”

“அப்ப பை அங்கயே கெடக்கட்டும்.”

“நான் மந்தினுக்குப் போகல.” அதே இடத்தில் நின்றாள். “அண்ணன் வந்தாலும் இதான். போகல.”

“யாருகிட்ட எதுத்துப் பேசற நீ?”

“நான் போகல அண்ணி.”

செம்மண் பாதையில் லோரியின் உறுமல் கேட்டது. அண்ணி விளக்குமாற்றை எடுத்து, யார் மேலோ இருக்கிற ஆத்திரத்தில் வாசலைப் பரபரவென்று கூட்டினாள். பை குறுக்கே கிடந்தது. ஒரு கையால் அதைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அது இருந்த இடத்தையும் கூட்டினாள். கூட்டி முடித்தாள். லோரி திரும்பி வெளிச்சம் வாசலில் விழுந்தபோது, பையை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று தெரியாமல், பிள்ளையைச் சுமப்பவள் போல இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள்.