தப்புக்கு இறங்கிய சுருதி

யோகேந்திரன் மாஸ்டர் முதலில் என் தப்பு மேளத்தைக் கேட்கவில்லை. விளக்குமாற்றைத்தான் கேட்டார். கண்டியில் தலதா மாளிகைக்கு முன்னால் குண்டு வெடித்த வருஷம் அது. நான் முனிசிபல் தொழிலாளி. அவர் வாடகைக்கு இருந்த வீட்டுப் பக்கம் வீதி கூட்டுவது என் வேலை. ஒரு காலை சாரத்தோடு கேற்றுக்கு வந்து, சின்ன ரெக்கோடர் ஒன்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் அதே மாதிரிக் கூட்டச் சொன்னார். சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த வயலின் வாத்தியார். மனுஷனுக்குத் தலையில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே கூட்டினேன்.

அவர் அறைக்குள் போய்க் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. வயலினில் ஒரு ராகத்தை மெதுவாக வாசித்து நாடாவில் பிடித்திருந்தார். கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய கீபோர்டில் காற்று மாதிரியும் தூரத்து ஹெலிகொப்டர் மாதிரியும் சத்தங்கள் செய்து அதற்கு அடியில் போட்டிருந்தார். என் விளக்குமாறும் சரக் சரக் என்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. பத்மாதேவி டீச்சர் இதற்கு ஆடப் போகிறாராம். அவர் பரதம் படித்தவர். ஆனாலும் இந்த ஆட்டத்தில் சலங்கையும் இல்லை, சாமியும் இல்லை. வீட்டை விட்டு மூட்டையோடு நடக்கிற சனங்கள்தான் ஆட்டம். பதினான்கு நிமிஷம்.

நடக்கிறவர்களுக்கு ஓர் அடி வேண்டும் என்று மாஸ்டர் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் குடியிருப்பான மஹய்யாவயில் நாங்கள் தப்பு அடிப்போம் என்று சொன்னேன். மறுநாள் கொண்டுபோய், முற்றத்தில் பேப்பரைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிவிட்டு அடித்துக் காட்டினேன். தப்பு அப்படித்தான். நெருப்புக் காட்டினால்தான் தோல் இறுகிப் பேசும். அன்றைக்கு அது பேசிய சுருதிக்கே வயலினை மாற்றி வாசித்து மறுபடி நாடாவில் பிடித்தார் மாஸ்டர். என் அடிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீபோர்டுக்குள் வைத்துக்கொண்டார். ஒரு கட்டையை அழுத்தினால் என் வலது கைக் குச்சி விழும், அடுத்ததை அழுத்தினால் இடது கைக் குச்சி. கை எனக்குக் கூசியது.

நாடா மெஷினில் ஒரு குமிழ் இருந்தது. திருப்பினால் நாடாவின் வேகம் மாறும், சுருதியும் கூடவே ஏறும், இறங்கும். யாரும் தொடாமலிருக்க அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். “இது அசையாது அழகர். நீர்தான் இதுக்கு வரவேணும்” என்றார். எது எதற்குப் பிறகு வரும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். மகள் சீதாவின் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்து நாற்பது வயதில் எழுத்துப் படித்தவன் நான். மெதுவாக வாசித்தேன். வயலின், காற்று, விளக்குமாறு, அழகர்.

ஆட்டம் பேராதனை வீதியில் ஒரு கலைச் சங்கத்து மண்டபத்தில் நடக்க இருந்தது. சங்கத்தின் செயலாளர் நவரட்ணராஜா ஒத்திகை பார்க்க வந்தார். நாடாவைக் கேட்டுத் தலையசைத்தார். என் தப்பைப் பார்த்ததும், குத்துவிளக்கு ஏற்றுகிற மேடை இது, சாவுக்கு அடிக்கிறது வேண்டாமே என்றார். அந்தச் சத்தம் ஆட்டத்துக்குத் தேவை என்று மாஸ்டர் சொல்லி, கீபோர்டில் தட்டியும் காட்டினார்.

“அதுதான் பெட்டிக்குள்ள கிடக்குதே மாஸ்டர். பிறகு ஆள் என்னத்துக்கு?”

நவரட்ணராஜா கோபமாகக் கேட்கவில்லை. கதிரை எத்தனை போடுவது என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார். நான் தப்பைத் துணியில் சுற்றினேன்.

“பெட்டி என்ர காலைப் பாக்காது” என்றார் பத்மாதேவி டீச்சர்.

கடைசியில் நவரட்ணராஜா ஒத்துக்கொண்டார். மேடை ஓரத்தில் எனக்கு ஒரு கதிரை. ஆனால் சின்னப் பிசகு என்றாலும் கீபோர்டுதான். மாஸ்டர் அதற்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டியதுதான் எனக்கு உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷம் தப்பு அடித்திருக்கிறேன். எல்லாம் ரோட்டில், நின்றுகொண்டு, நடந்துகொண்டு. மேடையில் கதிரை என்று சொன்னதும் எங்கள் லைன் வீடுகளிலிருந்து முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். என் மனைவி சுந்தரி கோயில் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. தோல் ஈரப் பாய் மாதிரித் தொய்ந்து கிடந்தது. மண்டபத்துப் பின்பக்கம் கூரைக்குக் கீழே குந்திப் பேப்பரைக் கொளுத்தினேன். இருபத்திரண்டு வருஷமாகக் காய்ச்சுகிறவனுக்கு அது நெருப்பாகவே தோன்றாது. எதிரே பொலிஸ் காவலரண் இருந்ததும் தெரியும், குண்டுக்குப் பிறகு டவுனே பயந்துபோய்க் கிடந்ததும் தெரியும். இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. புகையைக் கண்டு இரண்டு பொலிஸ்காரர் துவக்கோடு ஓடி வந்து எல்லாவற்றையும் சப்பாத்தால் மிதித்தார்கள். இளையவன் தோலை விரலால் தட்டிப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. அப்படியிருந்தும் “கிந்தர எபா” என்றான். நெருப்பு வேண்டாம். என் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டான். நவரட்ணராஜா வந்து சிங்களத்தில் கெஞ்சி என்னை விடுவித்தார். உள்ளே போய் மாஸ்டரிடம், பெட்டியைப் போடுங்கோ என்று மட்டும் சொன்னார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். மேடை விளக்குச் சூட்டில் காட்டிப் பார்க்கிறேன் என்றேன். காட்டினேன், உள்ளங்கையால் தேய்த்தேன். பாதி வந்தது. மாஸ்டர் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

ஆட்டம் தொடங்கியது. வயலின் போனது, காற்று போனது, விளக்குமாறு போனது. என் முறை வந்தது. அடித்தேன். தப்பு பேசியது, ஆனால் அரைச் சுருதி கீழே. கோபித்துக்கொண்ட இரண்டு பேர் ஒரே அறையில் இருக்கிற மாதிரி இருந்தது, அதுவும் வயலினும். அடிக்க அடிக்கத் தோல் இன்னும் இறங்கியது. திரைக்குப் பக்கத்தில் நின்ற நவரட்ணராஜா விரலை அழுத்திக் காட்டினார். மாஸ்டரின் கை கீபோர்டுக்குப் போனதை நேராகவே கண்டேன். அந்தக் கட்டைகளுக்குள் இருந்ததும் நான்தான். வெயில் நாளில் காய்ச்சிய நான். நிறுத்திவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. டீச்சரின் குதிகால் மேலே போயிருந்தது. அது தரைக்கு வருகிற நேரத்தில் அடி விழ வேண்டும். அடித்தேன்.

மாஸ்டர் கையை எடுத்தார். நாடா மெஷினில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நகத்தால் கிழித்தார். குமிழைத் திருப்பினார்.

வயலின் இறங்கியது. பாரம் சுமக்கிறவன் குனிகிற மாதிரி மெதுவாக இறங்கியது. ஹெலிகொப்டர் இறங்கியது. நாடாவில் கூட்டிக்கொண்டிருந்த என் விளக்குமாறும் களைத்துப்போய் இழுத்தது. டீச்சர் ஒரு கணம் தடுமாறினார், பிறகு பிடித்துக்கொண்டார். அவர் கால் பாரமாக விழத் தொடங்கியது. அது விழுகிற இடத்தில் நான் அடித்தேன். தோல் இறங்க இறங்க மாஸ்டர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருப்பினார். பதினான்கு நிமிஷ ஆட்டம் முடியப் பதினைந்துக்கு மேல் ஆனது.

கை தட்டினார்கள். நன்றியுரையில் என் பெயர் வரவில்லை, ‘தாள வாத்தியம்’ என்று ஒரு சொல் வந்தது. பிறகு நவரட்ணராஜா என் அடையாள அட்டையை வாங்கி வந்து கையில் கொடுத்தார். கடைசியில் நடை அப்படித் தளர்ந்துபோனது நன்றாக இருந்தது, முன்கூட்டியே யோசித்ததா என்று மாஸ்டரிடம் கேட்டார்.

“இல்லை. மழை பெய்தது” என்றார் மாஸ்டர்.

வெளியே குடைக்குள் சுந்தரி நின்றாள். “நீங்க உக்காந்து அடிச்சி இன்னைக்குத்தாங்க பாத்தேன். கொஞ்சம் முதுகை நிமித்தி இருந்திருக்கலாம்” என்றாள். குனிந்தே கூட்டிய முதுகு, அது எங்கே நிமிரப் போகிறது என்றேன்.

அடுத்த ஆட்டம் கலஹாவில். ஒத்திகைக்குப் போனபோது பார்த்தேன், மாஸ்டர் குமிழுக்கு மறுபடி பிளாஸ்டர் ஒட்டவில்லை.