வலப்பக்க நாற்காலி

ஆம்ப்ரோஸ் ஃபெல்டன் இத்தனை வருஷம் பிரிட்டிஷ் தூதராகக் குப்பை கொட்டிக் கற்றது ஒன்றே ஒன்றுதான், விருந்தில் யாரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்பது. அவர் காதுபடவே மற்ற தூதர்கள் இப்படிக் கேலி பேசுவார்கள். பாக்தாத், ஆஸ்லோ, இப்போது தென்னமெரிக்காவில் மலைமேல் இந்த சான் ததேயோ. போன இடமெல்லாம் நாற்காலிதான். அவரும் சிரித்து மழுப்பிவிடுவார், உள்ளே சுருக்கென்றுதான் இருக்கும்.

அன்று நண்பகலில் பிரிட்டிஷ் தூதரகத்துப் பின்சுவர் ஏறிக் குதித்து, முழங்கால் தேய்ந்து, ரோஜாச் செடிகளுக்கு நடுவே விழுந்தார் எவரிஸ்தோ லான்சா. பத்திரிகை ஆசிரியர். முந்தின நாள் ஆட்சியைப் பிடித்த கர்னல் ருவாவைக் கிழி கிழியென்று கிழித்துத் தலையங்கம் எழுதியவர். சிப்பாய்கள் கையில் அகப்பட்டால் சுட்டுவிடுவார்கள்.

பக்கத்து நாட்டுத் தூதரகம் என்றால் அடைக்கலம் என்ற ஒரு வார்த்தை போதும், இந்தப் பக்கம் அது வழக்கம். லண்டனுக்கோ அந்த வார்த்தையே ஆகாது. போதாக்குறைக்குக் கர்னலே அங்கே மதியச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார். தூதர்கள் எல்லாரும் கூடும் விருந்து. அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் அவர் ஆட்சி நிலைக்கும். மாலை அரண்மனையில் பதவிப் பிரமாணம் வேறு.

"இப்ப என்ன பண்ணப்போறீங்க?" என்றாள் மனைவி வினிஃப்ரெட்.

ஃபெல்டனுக்கு வந்தது பயமா குஷியா, அவருக்கே விளங்கவில்லை. "என் கோட்டு ஒண்ணை அவருக்குக் குடு. உன் வலப்பக்க நாற்காலியில உக்கார வை."

அது பிரதம விருந்தாளியின் இடம். அவர் எழுந்து விடைபெறும்வரை வேறு யாரும் மேசையைவிட்டுக் கிளம்பக் கூடாது.

உள்ளே வந்த கர்னல் லான்சாவைப் பார்த்ததும் சிவந்துபோனார். கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. அத்தனை தூதர்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை இறக்கிக்கொண்டு வினிஃப்ரெட்டின் இடப்பக்கம், ஃபெல்டனுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

மக்காச்சோள சூப் வந்தது, பன்றி வறுவல் வந்தது, காப்பியும் வந்து ஆறிப்போனது. லான்சா கதைமேல் கதையாக அளந்துவிட்டார். ஃபெல்டனை எப்போதும் சீண்டும் பிரெஞ்சுத் தூதருக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டது. சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, இன்னொரு கதை சொல்லுங்கள் என்று லான்சாவைக் கேட்டார். அரண்மனையிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து கர்னலின் காதைக் கடித்தார்கள். பதவிப் பிரமாணத்துக்கான பேராலய மணியும் அடித்துவிட்டது.

ஃபெல்டன் பக்கம் குனிந்தார் கர்னல். "உங்க விருந்தாளி எப்பதான் கிளம்புவாரு?"

"கிளம்பத்தான் பாக்கறாரு. எல்லை வரைக்கும் போக வண்டிதான் அமையல."

கர்னல் பல்லைக் கடித்தார். "என் வண்டிய எடுத்துக்கச் சொல்லுங்க."

"கொடியோடவா?" கர்னலின் கொடி பறக்கும் வண்டியை எந்தச் சிப்பாயும் நிறுத்த மாட்டான்.

"கொடியோட."

தானும் துணைக்குப் போவதாகச் சொன்னார் பிரெஞ்சுத் தூதர். லான்சா எழுந்து வினிஃப்ரெட்டின் கையை முத்தமிட்டு விடைபெற்றார். அடுத்த நொடி மேசையைச் சுற்றி நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. கர்னல் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

இருட்டிய பிறகு எல்லையிலிருந்து தொலைபேசி வந்தது: லான்சா தாண்டிவிட்டார். கூடவே லண்டன் தந்தி, அடைக்கலம் கொடுத்தீர்களா என்று. இல்லை, சாப்பாடுதான் போட்டேன் என்று பதில் எழுதிக் கொடுத்துவிட்டு ஃபெல்டன் சாப்பாட்டு அறைக்குத் திரும்பினார். வினிஃப்ரெட் வலப்பக்க நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் உட்கார்ந்தார். "ஏதாவது சாப்பிடக் குடு, வினி. மத்தியானம் ஒரு வாய்கூடத் தொண்டையில இறங்கல."