ஐம்பத்தெட்டில் ஒன்பது

சட்டை ஏறவில்லை. நெரெய்டா அப்பாவின் வலது கையை இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள். விடியலில் போன உயிர். ஒன்பது மணிக்குள் தோள் இறுகிவிட்டிருந்தது. அவள் கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையின் முதுகைக் கழுத்திலிருந்து இடுப்புவரை வெட்டினாள். நாற்பது வருடம் பாச்சை உருண்டையோடு பெட்டியில் கிடந்த துணி, சத்தமே இல்லாமல் பிரிந்தது. முன்பக்கத்தை மார்பின்மேல் போட்டு, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகினாள். சிவப்பு எழுத்தில் ஆலையின் பெயர், அதற்குக் கீழே அவர் ஆட்ட எண், பதினான்கு. முன்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"மன்னிச்சுக்கப்பா" என்றாள். சொன்ன பிறகுதான், இனி இந்த வீட்டில் தான் பேசினால் கேட்க ஆள் கிடையாது என்பது அவளுக்கு உறைத்தது. ஐம்பதைத் தொடப்போகிறவள், கல்யாணம் காட்சி இல்லாதவள். இருந்த ஒரு துணையும் இப்போது கட்டிலில் பதினான்காம் எண்ணோடு படுத்திருந்தது.

அப்பாவை ஊரில் எவாரிஸ்தோ என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. சம்மட்டி என்றால் தெரியும். சர்க்கரை ஆலையின் பேஸ்பால் அணிக்காகப் பந்தை ஐம்பத்தெட்டு முறை வேலிக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்த மனிதர். அடித்த பந்து வேலியைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, கரும்பு ஏற்றிய வண்டியில் விழுந்து ஆலைக்குள்ளேயே போய்விட்டது என்று கதை சொல்வார்கள். கதைக்குக் குறைச்சல் இல்லை. இழவுக்கு வந்த கூட்டத்துக்குத்தான் குறைச்சல். வாசலில் கூடாரம் கட்டி முப்பது நாற்காலி வாடகைக்குப் போட்டிருந்தாள். பதினொரு மணிக்கு ஏழில் ஆள் இருந்தது. இஞ்சி தட்டிப் போட்ட காப்பி ஒரு பானை அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

நியூயார்க்கிலிருந்து தம்பி போனில் அழைத்தான். அழுதான், பாவம், நிஜமாகத்தான் அழுதான். விமானம் கிடைக்கவில்லை, பனி என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மைதானத்தில் சவப்பெட்டி சுற்றி வருவதை மட்டும் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னான். சரி என்றாள் நெரெய்டா. வேறென்ன சொல்வாள்?

அந்த மைதானம்தான் இப்போது அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. ஆலை அணியில் ஆடியவன் செத்தால் பெட்டி நேராகக் கல்லறைக்குப் போகாது. மைதானத்துக்குப் போகும். கூட ஆடியவர்களே அதைத் தூக்கி, ஆட்டத்தில் ஓடுகிறவன் போலவே முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது என்று மூலைக்கு மூலை சுற்றி, கடைசியில் மட்டைக்காரன் நிற்கும் ஹோமில் ஒரு நிமிடம் இறக்கி வைப்பார்கள். அப்புறம்தான் மண். கூட ஆடாதவன் கை அந்தப் பெட்டியில் படக்கூடாது. பெட்டிக்குப் பிடி ஆறு. அந்தக் கால அணியில் மிச்சம் இருப்பதும் ஆறே பேர். அதில் ஐந்து பேர் கூடாரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள், அணித் தலைவன் திமோதெயோ, பக்கத்து வீட்டில், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

ஐவரில் மூத்தவரான பொர்ஃபிரியோதான் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"தலைவன் வராம நாங்க எப்படிம்மா கை வைக்கிறது? திமோ வந்தா தூக்குறோம். இல்லன்னா நேரா கல்லறைக்குப் போயிரலாம். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்! ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? சம்மட்டியைச் சுற்றி எடுத்துப் போகவில்லையாம் என்று சாயங்காலத்துக்குள் சாராயக் கடைவரை போய்விடும். ஆனால் நெரெய்டாவுக்கு ஊர்கூட இரண்டாம் பட்சம். இந்த மனிதர் அடித்ததற்கு ஒரு மதிப்பு உண்டு என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதைத் தின்று வளர்ந்தவள் அவள்.

தின்று என்றால் தின்றுதான். ஆலை மூடியிருக்கும் மாதங்களைச் செத்த காலம் என்பார்கள். அறுவடை முடிந்துவிடும், கூலி கிடையாது, கடையில் கடன் கிடையாது. ஆட்டம் நடப்பதும் அந்த மாதங்களில்தான். பலசரக்குக் கடை ஃபெர்மீன் ஒரு வழக்கம் வைத்திருந்தார்: ஆலை அணிக்காரன் எவன் ஹோம் ரன் அடித்தாலும் உயிர்க்கோழி ஒன்று. அணி ஜெயித்ததா தோற்றதா என்று அவர் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பா கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தெருவில் வருவது தெரிந்ததும் அம்மா அடுப்பை மூட்டுவாள்.

நெரெய்டா தலைத் துண்டைச் சரி செய்துகொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். முப்பது அடி தூரம்தான். நாற்பது வருடமாக அவள் அப்பா கடக்காத முப்பது அடி.

திமோதெயோ பின்கட்டில் மாமர நிழலில் இருந்தார். இடது காலை நீட்டி ஒரு முக்காலிமேல் வைத்திருந்தார். அந்தக் கால் மடங்காது. அவள் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவர் அவர். சண்டை அப்பாவோடுதானே தவிர அவளோடு இல்லை; தெருவில் பார்த்தால் அவள் ஆசி கேட்பாள், அவரும் கொடுப்பார். அது ஒன்று மட்டும் அறுந்துபோகவில்லை.

"ஆசி குடுங்க, ஞானப்பா."

"ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்" என்றார். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்கவில்லை. மடியில் ஒரு நீளமான நோட்டு கிடந்தது. அணியின் ஆட்டக் குறிப்பு அது. தலைவன் என்ற முறையில் அவரிடமே தங்கிவிட்டது. சாவுச் செய்தி காதில் விழுந்ததுமே எடுத்து வைத்திருப்பார் போல. பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம் எழுந்ததும் இந்த மனிதர் முதலில் தேடியது நோட்டையா, ஜெபமாலையையா என்று அவளுக்குக் கோபம் வந்தது.

அவர் வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு ஹோம் ரன்னும் எந்த ஆட்டம், எத்தனையாவது இன்னிங்ஸ், அப்போது அணி எந்த நிலையில் இருந்தது. பத்து ரன் பின்னால் இருந்தபோது ஒன்று. எட்டு ரன் முன்னால் இருந்தபோது ஒன்று. எதிராளியின் நல்ல பிட்சர் களைத்துப்போய், யாரோ பொடியனைப் பந்து வீச விட்டிருந்தபோது மூன்று. ஒரே குரலில், பாதிரியார் மன்றாட்டு வாசிப்பதுபோல வாசித்தார். சிலவற்றின் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்னக் குறி இருந்தது. அந்த இடங்களில் மட்டும் ஒரு கணம் நின்று, தலையை ஆட்டினார். அந்த ஹோம் ரன் இல்லாவிட்டால் ஆட்டம் போயிருக்கும் என்று அர்த்தம்.

"ஐம்பத்தெட்டு" என்றார் நோட்டிலிருந்து நிமிர்ந்து. "அதுல ஒம்பது. ஒம்பதுதான் எங்களுக்காக அடிச்சது. மிச்சம் நாப்பத்தொம்பதும் கோழிக்கு."

"கோழிக்குத்தான்" என்றாள் நெரெய்டா. "செத்த காலத்துல எங்க வீட்ல வேற என்ன இருந்துச்சு? பசிக்குன்னு அடிச்சதுக்கு மதிப்பில்லையா?"

"எங்க வீட்ல மட்டும் நெறஞ்சு கெடந்துச்சா? எம் புள்ளைங்க கரும்ப மென்னுட்டுப் படுத்துச்சுங்க. நான் தட்டுனேன், புள்ள. தட்டச் சொன்னா தட்டுனேன்."

தட்டுவது என்பது மட்டையை வீசாமல், பந்தை மெதுவாகத் தொட்டுக் காலடியில் சாகவிடுவது. தட்டியவன் பெரும்பாலும் அவுட். ஆனால் முன்னால் நிற்பவன் ஒரு பேஸ் முன்னேறுவான். அடுத்தவனுக்காகத் தன் முறையைக் கொடுத்துவிடுவது.

"வருஷத்துக்கு இருபது தட்டு தட்டிருக்கேன்" என்றார். "தட்டுனவனுக்கு யாரு கோழி குடுத்தா?"

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது பொதுவான பேச்சு. பசி இருந்தும் பறக்கவிடாமல் ஒரு மனிதன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்ல முடியுமா?

மாமரத்துக்குப் பின்னால் அந்த மதில் தெரிந்தது. அன்றைக்கு அவளுக்கு ஆறு வயது. கையில் சூடான கிண்ணம். சிந்தாமல் போ என்று அம்மா.

"ஞானப்பா, ஒவ்வொரு கோழிலயும் ஒரு கிண்ணம் இந்த வீட்டுக்கு வந்துச்சு. நான்தான் கொண்டாருவேன்."

அவர் திரும்பி மதிலைப் பார்த்தார்.

"வந்துச்சு" என்றார். "தின்னேன். அதனாலதான் இத்தனை வருஷம் வாயத் தொறக்கல. இல்லன்னா சந்தையில நின்னு கத்திருப்பேன்."

அப்புறம் அவர் அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். அவளுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அவர் வாயால் கேட்டதில்லை. மாகாண இறுதி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பக்கமும் சமம். திமோதெயோ மூன்றாவது பேஸில் நின்றார். எவாரிஸ்தோ மட்டையோடு நின்றார். பயிற்சியாளர் காதைத் தொட்டார்: தட்டு. பந்து கையை விட்டதும் திமோதெயோ ஹோமை நோக்கி ஓட வேண்டும், எவாரிஸ்தோ தட்டிவிட வேண்டும், ஆட்டம் முடிந்தது. எவாரிஸ்தோ தலையாட்டினார். ஆனால் ஃபெர்மீன் அன்றைக்குக் கோழி அல்ல, ஒரு சினைப்பன்றியை வேலியில் கட்டி வைத்திருந்தார்.

"நான் பாதி தூரம் ஓடி வந்துட்டேன். இவன் மட்டைய முழுசா வீசுறான். எம் மூஞ்சிக்கு நேரா. பந்து படல. ஹோமுல அவங்க ஆளு பந்தோட என்னப் பாத்துட்டு நிக்கிறான்."

அந்த மோதலில் முட்டி உடைந்து, எழ முடியாமல் அங்கேயே கிடந்தார். திமோதெயோ கேட்சர்; அடிப்பவனுக்குப் பின்னால் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிறவர். அதற்குப் பிறகு அவர் குந்தவே இல்லை. அணி பத்தாவது இன்னிங்ஸில் தோற்றது. சம்மட்டியோடு யாரும் பேசவில்லை. சம்மட்டியும் யாரிடமும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. நாற்காலியை இந்த மதிலைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, மாலை மாலையாக உட்கார்ந்திருப்பார்.

நெரெய்டா எழுந்தாள். கெஞ்ச வேண்டும் என்றுதான் வந்திருந்தாள், ஆனால் கெஞ்சத் தோன்றவில்லை. போகிற போக்கில்தான் சொன்னாள்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து அப்பாவுக்கு நெனப்பு சரியா இல்ல. என்னையே அடையாளம் தெரியல. ஒண்ணையே கேட்டுட்டு இருந்தாரு. 'திமோ எந்திரிச்சிட்டானா? போய்ப் பாரு, எந்திரிச்சிட்டானா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"எந்திரிச்சிட்டாருன்னு சொன்னேன்."

அவர் நோட்டை மூடினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் மறுபடி ஆசி கேட்டுக்கொண்டு திரும்பினாள்.

ஒரு மணிக்கு வண்டி வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஐந்து கிழவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகத் திமோதெயோ காலை இழுத்துக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாரா என்றுகூட நெரெய்டாவால் சொல்ல முடியவில்லை. வலது பக்க முன்பிடியில் கை வைத்தார்.

மைதானத்தில் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வாத்தியம் இல்லை, கைதட்டல் இல்லை. வந்திருந்த பத்துப் பதினைந்து பேர் வேலியோரம் நின்றார்கள். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஆறு கிழவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார்கள். முதல் பேஸில் நின்றார்கள். இரண்டாவதில் பொர்ஃபிரியோ கை மாற்றிக்கொண்டார். நெரெய்டா போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கி, பிறகு எடுக்காமல் பைக்குள் போட்டாள். அன்றைக்கு அவர் ஓடத் தொடங்கிய மூன்றாவது பேஸில் திமோதெயோ நின்றார்.

"நான் இது வரைக்கும்தான்" என்றார்.

குரலில் கோபம் இல்லை. பிடியை விடாமல், யாராவது வாங்கிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தார். பெட்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. பின்னால் நின்றவர்களில் ஒருவர், ஐயோ என்றார். வேலியோரம் வாலிபர்கள் நான்கு பேர் இருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை. கூட ஆடாதவன் கை படக்கூடாதே.

நெரெய்டா போய் அந்தப் பிடியை வாங்கினாள். அவர் விரல்கள் ஒரு கணம் அவள் விரல்களின் கீழ் இருந்தன, பிறகு இல்லை. பொர்ஃபிரியோ ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். அவள் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. கடைசி மாதங்களில் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டியவள். அவர் எடை அவளுக்குத் தெரியும். இது மரத்தின் எடை என்று தனக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

ஹோம் எங்கே என்று தெரியவில்லை. வார நாட்களில் ஹோமைக் காட்டும் வெள்ளைப் பலகையைக் கழற்றி எடுத்துப் போய்விடுகிறார்களாம், திருட்டுக்குப் பயந்து. மழை கோடுகளையும் அழித்திருந்தது. எங்கே பார்த்தாலும் ஒரே செம்மண்.

"இங்கதான்னு நெனைக்கிறேன்" என்றார் பொர்ஃபிரியோ. இன்னொருவர் இல்லை என்றார். பாரம் தாங்கவில்லை. எங்காவது வைத்துவிடலாம் என்று எல்லோரும் குனிந்தார்கள்.

"அங்க இல்ல."

நெரெய்டா திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது பேஸில் விட்ட இடத்திலேயே திமோதெயோ நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"இன்னும் ரெண்டடி முன்னாடி" என்றார். "கொஞ்சம் எடது பக்கம்."

அவள் பிடியை இறுக்கிக்கொண்டு இரண்டு அடி எடுத்து வைத்தாள்.